பொறியியல் படிப்பில் வரலாறும் ஊர்ப்பணியும்: நம் பிள்ளைகளுக்குத் தேவையா, சுமையா?

கெடிலக்கரை:
கலந்தாய்வு நேரம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்றுதான் எங்கும் பேச்சு. அந்த நான்கு வருடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் பேசுவோம்.

கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு கல்லூரி, 1955இல் தொடங்கியது. அறிவியலும் பொறியியலும்தான் அங்கே முதன்மை. ஆனாலும் வரலாறு, இலக்கியம், தத்துவம், பொருளியல் என்று கணிசமான பாடங்களை முடித்தால்தான் பட்டம். தான் செய்யும் வேலை சமூகத்தை என்ன செய்யும் என்று தெரிந்தவரே பொறியாளர் என்பதைக் கல்லூரியின் நோக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது காகிதத்தில் இருக்கிறது. பொறியியல் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் என்பிஏ வாரியம் பல வருடங்களாகக் கேட்டுவந்த 12 திறன்களில் 'பொறியாளரும் சமூகமும்', சுற்றுச்சூழல், அறநெறி மூன்றும் உண்டு.

கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகள் பாட நேரத்தில் கால் பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். காரணம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் வீடு இலவசம். வீட்டின் உறுதிக்குக் கணக்குப் போட்டார்கள், சரி. வலையை எங்கே வைப்பது? படகு இன்ஜினை அவ்வளவு தூரம் தினமும் யார் தூக்கி வருவது? காற்றையும் நீரோட்டத்தையும் கரையிலிருந்தே பார்த்துவிட்டு இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்று முடிவு செய்கிறவர் இனி எங்கே நின்று பார்ப்பார்? கடலோர வாழ்க்கையை ஒரு பாடமாகப் படித்தவர், வரைபடம் போடும் முன்பே இதையெல்லாம் கேட்டிருப்பார்.

பண்ருட்டி பலா:
சார், நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். நீங்கள் சொல்வதை முழுக்க எதிர்க்கிறேன்.

ஹார்வி மட்டில் மொத்த மாணவர்களே ஏறக்குறைய 900 பேர்தான். சிறிய வகுப்பு, நிறையப் பணம். இங்கே முதல் பட்டதாரிச் சலுகையில் சேர்ந்து, வங்கிக் கடனில் விடுதிக் கட்டணம் கட்டுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! 2018 மாதிரிப் பாடத்திட்டத்திலேயே, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட்டை (பாடங்களின் எடையைக் காட்டும் அலகு) 160 ஆகக் குறைத்துவிட்டது. அதிலும் கால் பங்கு போனால் 120 மிச்சம். தெர்மோடைனமிக்ஸை எங்கே குறைப்பீர்கள்? பட்டறைக்கு வரும் பட்டதாரிகளில் சிலருக்கு வெர்னியர் அளவுகோலைப் பிடித்து ஒழுங்காக அளவெடுக்க வரவில்லை. முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாதாளச் சாக்கடையின் நச்சு வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று உயிர்கள் போயின. அதை இலக்கியமா தடுத்திருக்கும்? பிளம்பர்கள் டிராப் என்று சொல்லும் வளைகுழாயில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்று, வாயு வெளியேறத் தனிக் குழாயும் இருந்தால் அது வீட்டுக்குள் ஏறாது. பொறியாளர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்வதுதான் சமூகத்துக்குச் செய்கிற சேவை. வேறு சேவை தேவையில்லை.

சிவில் மேடம்:
பண்ருட்டி அண்ணா, அந்த டிராப் பற்றி எங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. படம் போட்டு, பாகம் குறித்து எழுதிவிடுவார்கள். ஆனால் பழைய தெருவில் புதிதாகப் பாதாளச் சாக்கடை இணைப்புக் கொடுக்கும்போது எந்த வீட்டில் டிராப் இருக்கிறது, எந்த வீட்டில் குழாயை நேராகச் செருகியிருக்கிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கதவைத் தட்டி, வீட்டுப் பெண்களிடம் "கழிவறையில் நாற்றம் வருகிறதா, எந்த நேரத்தில் வருகிறது" என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை நம்பிக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். இதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. நான் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

கெடிலக்கரை சாருக்கும் ஒன்று சொல்கிறேன். பாடம் சேர்த்துவிட்டால் மட்டும் எதுவும் மாறாது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இப்போது முதல் வருடத்திலேயே 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். நல்ல பாடங்கள். இரண்டாவதில் சோழர் காலக் குமிழித் தூம்பு என்ற ஏரி மதகு வருகிறது. ஏரிக்குள் கல்தொட்டி கட்டி, மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை என்று வைத்து, தண்ணீர் பாயும்போதே வண்டலும் வெளியேறும்படி செய்த அமைப்பு. ஹைட்ராலிக்ஸ் நடத்துகிற எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வியப்புத்தான். ஆனால் யாருக்கு வேலைப்பளு குறைவோ அவருக்குத்தான் அந்தப் பாடம் போகிறது. திரையில் பிடிஎஃப், ஒப்பிக்கும் நோட்ஸ், தேர்வு. வீராணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பாகூர் ஏரி கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஒரு வகுப்பும் அங்கே போனதாகத் தெரியவில்லை.

பாகூர்க் கழனி:
மேடம் பாகூர் என்றதும் எழுதத் தோன்றியது. நான் விவசாயி, பொறியாளன் இல்லை.

கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வராமல் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, ஏழு நாள் முகாம். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ன செய்கிறார்கள்? கோயில் வாசலைக் கூட்டுகிறார்கள். மரக்கன்று நடுகிறார்கள், அதுவும் கோடைக்கு முன்னால். பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தெருக் கூட்ட எங்களுக்கே தெரியும். சிவில் படிக்கிற பையன் என் ஊருக்கு வந்து துடைப்பத்தைப் பிடித்தால் அவனுக்கும் லாபமில்லை, எனக்கும் லாபமில்லை.

எங்களுக்கு வேண்டியது வேறு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். வாய்க்காலில் எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது, மதகுக் கதவில் எவ்வளவு கசிகிறது என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர் அளந்து ஒரு தாளில் கொடுத்தால், இரண்டு அரசு அலுவலகத்திலும் அதைக் காட்டிப் பேசலாம். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்தார்கள். எங்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஊர் சொல்லிற்று. அந்தப் பழக்கம் கல்லூரிக்கு வர வேண்டும்.

கெடிலக்கரை:
பாகூர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதோடு, கல்வியும் ஊரும் சேர்ந்திருந்ததற்குப் பாகூரிலேயே பழைய சான்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது.

இறுதியாண்டு:
அந்த வித்யாஸ்தானத்தில் யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் சார். மூன்று ஊர்க்காரர்களும் உழுது கொடுத்த விளைச்சலில் நடந்த கல்லூரி. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே படித்திருப்பார்களா? என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு முதலில் வருகிறது.

பண்ருட்டி அண்ணன் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. இப்படிப் பாடம் வந்தால் நல்ல ஆங்கிலம் பேசுகிற நகரத்துப் பிள்ளைக்கு மார்க் போகும், செமினார் என்றால் நாங்கள் பின்வரிசை. தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம் என்றால் நான் முன்வரிசையில் உட்காருவேன். என் தாத்தா கரும்பு வெட்டியவர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் வரலாற்றைப் பாடமாக வைத்தால் நானே பாதி வகுப்பு எடுப்பேன்.

ஈச்சங்காடு:
ஏரி, செப்பேடு எல்லாம் சரி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமும் வாருங்கள். 2004இல் குடிகாடு, ஈச்சங்காடு சுற்றுவட்ட ஊர்க்காரர்கள் தாங்களே காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. நாற்றம் வரும் நேரத்தில் வாளியிலிருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் ஏறும். அதை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன வேதிப்பொருள் என்று தெரியும். எந்த நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று எட்டாவது படித்தவர்கள் நோட்டில் எழுதினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அதில் இருந்தது தெரியவந்தது. இவ்வளவும் கெமிக்கல் இன்ஜினியரிங்தானே? நான் பார்த்தவரை பக்கத்துக் கல்லூரி எதிலிருந்தும் ஒருவர்கூட வந்து எங்களோடு நிற்கவில்லை.

பண்ருட்டி பலா:
தம்பி, உங்கள் கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் நேராகக் கேட்கிறேன். சிப்காட்டில் காற்றை அளந்து அறிக்கை எழுதிய மாணவனுக்கு மறு வருடம் அதே சிப்காட்டில் வேலை கொடுப்பார்களா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அந்தக் கம்பெனிகளைத்தான் கல்லூரி கூப்பிடுகிறது. ஊருக்கு நல்லது செய்யப் போய் 21 வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையை அடகு வைக்க வேண்டும் என்று சொல்ல உங்கள் யாருக்கும் உரிமையில்லை.

சிவில் மேடம்:
இது நியாயமான பயம், சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். அறிக்கையில் மாணவர் பெயர் வேண்டாம், துறையின் பெயர் போதும். கையெழுத்து ஆசிரியருடையது. தொடக்கத்தில் ஆலைப் புகையை விட்டுவிட்டு ஊர்க் கிணற்று நீரை அளக்கலாம். நீரை அளப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஈச்சங்காடு:
மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிணற்றை மட்டும் அளந்துவிட்டுப் புகைபோக்கியைப் பார்க்காமல் வருகிறவரிடம் எனக்கு எதிர்பார்ப்பு இல்லை. அறநெறி என்று பாடம் வைத்துவிட்டு, கம்பெனி வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறீர்கள்.

சிவில் மேடம்:
கோபமில்லை. ஆனால் மாணவரை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்க மாட்டேன். புகைபோக்கியை அளக்க வேண்டுமானால் ஆசிரியர்கள் முதலில் போக வேண்டும். அதற்கு என் துறையில் இரண்டு பேர் சம்மதித்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பண்ருட்டி பலா:
கால் பங்குக்கு இன்னமும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பாகூர்க்காரர் சொன்ன மதகுக் கதவு இருக்கிறதே, அது மெக்கானிக்கல் வேலை. ஷட்டரின் திருகுக்கம்பி வளைந்திருக்கிறதா, அடியில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று என் மகன் அளக்கலாம். அதற்குப் புராஜெக்ட் கிரெடிட் கொடுக்க வேண்டும், தவறாக அளந்தால் மார்க் குறைக்கவும் வேண்டும். சான்றிதழும் குரூப் போட்டோவும் மட்டும் என்றால் அனுப்ப மாட்டேன்.

பாகூர்க் கழனி:
மார்க்கைக் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும். அளவு தவறினால் நாங்கள் சொல்வோம், எந்த மடை எவ்வளவு பாயும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வருவதானால் ஜூன், ஜூலையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது வாருங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதகின் அடியைப் பார்க்க முடியாது. வாய்க்காலை நடந்தே அளக்க வேண்டும், அதனால் செருப்பை நம்பி வராமல் ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கருவேல முள் அதிகம்.