எல்.எஸ்.டி.க்குத் தமிழில் என்ன? (திங்கள் காலை அச்சு)

சேலம் ஐடிஐ ஆசிரியர்:

குழுமத்தார்க்கு வணக்கம். எங்கள் பட்டறைக்குப் பழைய மாணவர் ஒருவரின் டிராக் ரேஸ் கார் வந்திருக்கிறது. 402 மீட்டரை நேர்க்கோட்டில் கடக்க வேண்டிய வண்டி. புறப்படும்போது பின்பக்கம் வலது சக்கரம் மட்டும் புகை கக்குகிறது. தரையில் இரண்டு கறுப்புக் கோடு விழ வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுகிறது. திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். அந்த வேறுபாட்டை உராய்வுப் பிளேட்டுகளால் ஓர் அளவோடு நிறுத்துவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. அதற்குள் பிளேட்டு தேய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதை வைத்தே பையன்களுக்கு ஒரு செய்முறைத் தாள் தயாரிக்கிறேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை வை, ஹேண்ட் பிரேக்கை விடு, கியரை நியூட்ரலில் போடு. ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, மற்றதை ஜாக்கியில் தூக்கு. தூக்கிய பக்கம், முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சைப் பொருத்தித் திருப்பு. சக்கரம் சீராகச் சுற்றும்போது காட்டும் அளவு, அந்த வண்டியின் கைநூலில் உள்ளதைவிடக் குறைந்தால் பிளேட்டு போயிற்று. ஸ்பிரிங் அழுத்தம் உள்ள பிளேட்டு வகைக்கு மட்டும்தான் இந்தச் சோதனை.

தாள் முடிந்துவிட்டது, தலைப்புதான் இல்லை. பலகையில் எல்.எஸ்.டி. என்று எழுதினால், போதைப்பொருள் பெயராயிற்றே என்று கடைசி பெஞ்சு சிரிக்கிறது. ஒரு சொல் கொடுங்கள்.

கோரிமேடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பி, சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வழுக்கு, வழுவு, வழுவழுப்பு எல்லாம் ஒரே குடும்பம். ஸ்லிப் என்பது வழு. நன்னூல் படித்தவர்களுக்கு வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை), வழுவமைதி (பிழையானாலும் காரணம் கருதி ஏற்பது) மூன்றும் தெரியும். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது, அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதால் திணை வழுதான், ஆனாலும் உவப்பால் சொன்னது என்று அமைத்துக்கொள்கிறோம். உங்கள் கருவியும் அதைத்தானே செய்கிறது? வழுவலாம், ஓர் அளவுக்குள். ஆகவே ‘வழுவமைதிப் பல்லிணை’ (பல்லிணை என்றால் கியர்). தேய்ந்துபோனால் அமைதி போய் வெறும் வழு மிஞ்சும். நோய்க்கூறே பெயருக்குள் வந்துவிட்டது பாருங்கள்!

சங்ககிரி, லாரிப் பட்டறைக்காரர்:

அம்மா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்களுக்கு உள்ளே என்ன கெட்டாலும் பெயர் ஒன்றுதான், ‘கிரவுன் போச்சு’. வழுவமைதி போச்சு என்றால் டிரைவர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

டிராக்டரில் டிஃப் லாக் மிதி இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் அதை மிதிப்போம், இரண்டும் பூட்டிக்கொள்ளும். இது பாதிப் பூட்டு, அவ்வளவுதானே? ‘அரைப்பூட்டு’ என்று வையுங்கள்.

அப்புறம் ஆசிரியருக்கு ஒன்று. திறப்பதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று நடுங்கினால், அதை வைத்து மட்டும் தேய்மானம் என்று சொல்லிவிடக் கூடாது. எண்ணெயில் சேர்க்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கும் பொருள்) போதாமல் பிளேட்டு பிடித்துப் பிடித்து விடும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் சகஜம். செதில் வந்தால் தாராளமாகத் திறக்கலாம்.

பெங்களூர், மொழிபெயர்ப்பாளர் (சொந்த ஊர் ஆத்தூர்):

மன்னிக்கவும், இரண்டும் ஆகாது. மென்பொருளில் ‘வழு’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது, நிரலில் உள்ள பிழைக்கு அதுதான் பெயர். ‘அரை’ பொறியியல்படி தவறு. முடுக்கும்போது பிளேட்டுகள் மேலும் இறுகும் வகை உண்டு, அங்கே பூட்டு அரையிலேயே நிற்பதில்லை.

எல்லோரும் டிஃபரன்ஷியலை விட்டுவிட்டு ஸ்லிப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். ‘வகையீடு’ கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. ‘பகிர்’ என்று தொடங்கலாமா என்றால், பகிர்வது முறுக்குவிசையை. சாதாரண டிஃபரன்ஷியல் அதை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் தருகிறது. வேறுபடுவது வேகம். அதனால்தான் ஒரு சக்கரம் பிடி இழந்தால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கிறது. பிளேட்டுகள் இருந்தால் வேகமாகச் சுற்றும் பக்கத்தைப் பிடித்து, மெதுவான பக்கத்துக்கு விசையைத் தள்ளும். எனவே ‘மட்டுநழுவல் வேறியக்கி’.

தமிழாசிரியை:

மட்டு என்றால் தேன், கள் என்றும் பொருள். திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலி இருக்கிறாள். கள் குடித்து நழுவும் கருவி என்று கடைசி பெஞ்சு இன்னும் பலமாகச் சிரிக்கும். வழு வேண்டாமென்றால் குறளின் ‘இழுக்கல்’ இருக்கிறது. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’, 415. வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல். இதைவிடப் பொருத்தமாக யார் சொல்வார்?

லாரிப் பட்டறைக்காரர்:

அம்மா, தினமும் பத்துப் பேர் வந்து ‘வண்டி இழுக்கல’ என்கிறார்கள். அத்தனை பேருக்கும் நான் டிஃபரன்ஷியலைக் கழற்றவா?

(இதன்பின் ஊற்றுக்கோலா ஊன்றுகோலா என்று 11 மடல்கள். இழையை ஒரு நாள் மூடி வைத்தேன். – மட்டுறுத்துநர்)

ஐடிஐ ஆசிரியர்:

திறந்தாயிற்று. எஃகுத் தட்டுகளில் சூட்டால் நீலப் புள்ளிகள், உராய்வுத் தட்டுகளில் பூச்சே இல்லை, எண்ணெயில் கருகல் வாடை. காந்தத்தில் செதில் இருந்தது, சங்ககிரி அண்ணன் சொன்னது சரி. ஸ்பூல் போட்டு இரண்டு ஆக்சிலையும் ஒன்றாக இறுக்கிவிடலாமா என்று மாணவர் கேட்டார். அதே வண்டியில் வீட்டுக்கும் போகிறவர், வேண்டாம் என்றேன்.

தாளில் ‘அரைப்பூட்டு டிஃபரன்ஷியல்’ என்று போட்டுவிட்டேன். பெங்களூர் ஐயா மன்னிக்க வேண்டும், அச்சகம் காத்திருக்கவில்லை. ஃப்ரிக்ஷன் மாடிஃபையரை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குத் தனி இழை தொடங்க இப்போது தெம்பில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

அரை தவறு என்பது பதிவில் இருக்கட்டும்.

தமிழாசிரியை:

அரைத்தலும் அரைதான் தம்பி. தேய்ந்த பிளேட்டுக்கு அந்தப் பொருளாவது பொருந்துகிறது என்று சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் ஸ்பூல் என்று ஒன்று சொன்னீர்களே, வழுவவே வழுவாதாமே? அது வழாநிலை. சாதாரண டிஃபரன்ஷியல் வழு. நடுவில் இருப்பதற்கு என்ன பெயர் வைத்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.