அப்டேட்டுக்குப் பிறகு மூன்று கோளாறுகள்: அடுத்த அப்டேட்டை ஏற்றலாமா, நிறுத்தி வைக்கலாமா?

சோமனூர் தறிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். என் மின்சார காருக்கு 16 மாதம் ஆகிறது. 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஓர் இரவு, "45 நிமிடம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்க இயலாது" என்று திரையில் வந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் வண்டியின் மென்பொருள் அப்டேட்டை ஏற்றினேன். அதுவரை ஒரு குறையும் வைக்காத வண்டி, அன்றிலிருந்து மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கிறது.

முதலாவது, சார்ஜ் சதவீதம். சேலத்திலிருந்து திரும்பும்போது விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் 24 காட்டியது, செங்கப்பள்ளியில் 19. இதுவரை கணக்கு சரிதான். அதற்கடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள் அந்த 19 ஒரேயடியாக 8 ஆகிவிட்டது. பின் இருக்கையில் குழந்தைகள் புழுங்கிக்கொண்டிருக்க, ஏசியை அணைத்துவிட்டு, லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு, இடது ஓரமாக 40 வேகத்தில் உருட்டிக்கொண்டு அவிநாசியில் ஓர் உணவக வாசலில் இருந்த சார்ஜரை அடைந்தபோது 2 சதவீதம் மிச்சம்.

இரண்டாவது, வண்டியை இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்தினால் கதவே திறப்பதில்லை. இரண்டு முறை ஜம்பர் கேபிள் போட்டுத்தான் உயிர் வந்தது. உள்ளே பார்த்தால் பெரிய பேட்டரி 70 சதவீதம் இருக்கிறது. மூன்றாவது, ரிவர்ஸ் எடுக்கும்போது சில சமயம் கேமரா திரை கறுப்பாகவே நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில், "எல்லாம் சாப்ட்வேர்தான் சார், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்றார்கள். அந்த அடுத்த அப்டேட் இப்போது திரையில் வந்து நிற்கிறது. வரும் வாரம் குடும்பத்தோடு வெள்ளகோவில் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். ஏற்றிவிட்டுப் போகலாமா, போய்வந்து ஏற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெருந்துறை மின்பொறியாளர் (ஓய்வு):

தம்பி, கோயிலுக்குப் போய்வந்த பிறகு ஏற்றுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் மூன்று தொல்லைகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒரே நாளில் தொடங்கியதால் மூன்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்று ஊகிக்கிறேன். அந்த வகைச் செல்லின் மின்னழுத்தம் பாதிக்கு மேல் இருந்தாலும் கால்வாசிக்கு இறங்கினாலும் ஏறத்தாழ 3.2 முதல் 3.3 வோல்ட்டிலேயே நிற்கும்; மேல் முனையிலும் கீழ் முனையிலும்தான் அது சட்டென்று மாறும். ஆகவே நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பதை வோல்ட்டைப் பார்த்துச் சொல்ல இயலாமல், உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கூட்டிக் கழித்துத்தான் வண்டி சதவீதத்தைச் சொல்கிறது. பாலுக்குக் கணக்கு எழுதும் நோட்டில் தினம் அரை லிட்டர் தவறினால் மாதக் கடைசியில் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது. பேட்டரி கீழ் முனையை நெருங்கி வோல்ட் உண்மையிலேயே சரியும்போது, மென்பொருள் தன் தவறைக் கண்டு 19-ஐ 8 ஆகத் திருத்துகிறது. அதாவது செங்கப்பள்ளியில் காட்டிய 19-தான் பொய், 8 பொய்யல்ல.

தினமும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், கணக்கைச் சரிபார்க்க உதவும் மேல் முனையை வண்டி தொடுவதே இல்லை; இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். பேட்டரியைப் பற்றி வண்டி அதுவரை கற்றுவைத்திருந்ததை அப்டேட் அழித்திருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டிலேயே மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, 100 காட்டிய பிறகும் வண்டி தானாக நிறுத்தும் வரை வயரைப் பிடுங்காமல் விடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

கதவு திறக்காத விஷயம் வேறு; அது கதவுப் பூட்டு, கணினிகளுக்கெல்லாம் மின்சாரம் தரும் 12 வோல்ட் சின்ன பேட்டரியைச் சேர்ந்தது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர்களை (பெரிய மின் சுவிட்சுகளை) மூடுவதே சின்ன பேட்டரிதான் என்பதால், அது இறங்கிவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. உங்கள் தறிக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது. பானெட்டைத் திறந்து, பூட்டுக் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் பானெட் திறந்திருக்கிறது என்று நினைத்து வண்டி விழித்தே இருக்கும். பிறகு வண்டியைப் பூட்டி, சாவியைத் தொலைவில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 12 வோல்ட் நெகட்டிவ் வயரில் மட்டும் அளக்க வேண்டும். ஆரஞ்சு நிற வயர் எதன் பக்கமும் கை போகக் கூடாது, அது உயர் மின்னழுத்த வயர். தூங்கும் வண்டி சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காது. அதற்கு மேல் இழுத்தால் ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் விழித்திருக்கிறது என்று பொருள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இரண்டு மாதம் அப்டேட்டை வீணாகத் திட்டியவன்.

வால்பாறைக்குப் புறப்படும் முந்தைய இரவு, தோட்டத்துச் சாளையில் வைத்தே அப்டேட் ஏற்றினேன். மறுநாள் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஆழியாற்றை நோக்கி இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாகப் பிடித்து நிறுத்தும் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி) அன்று பிடிக்கவே இல்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் ஐந்தாறு வளைவுகளை முழுக்க முழுக்கக் கால் பிரேக்கிலேயே இறக்கினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

பிறகு விசாரித்ததில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. அப்டேட், ரீஜென் அளவை நான் வைத்திருந்த மூன்றிலிருந்து தொழிற்சாலை அமைப்பான ஒன்றுக்குத் திருப்பியிருந்தது. இது அவர்கள் தவறு, ஒரு வரி அறிவித்திருக்கலாம். ஆனால் பெரிய காரணம் நான்தான். தங்கிய விடுதியில் இரவு முழுவதும் செருகி வைத்து 100 சதவீதத்தோடு மலையிறங்கத் தொடங்கியிருக்கிறேன். நிரம்பிய பேட்டரியில் ரீஜென் மின்சாரத்தைக் கொட்ட இடமில்லாததால் வண்டி அதைக் குறைத்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் 80, 85-ல் நிறுத்திக்கொள்வது நல்லது. இப்போதெல்லாம் அப்டேட் ஏற்றியதும் ரீஜென், சார்ஜ் வரம்பு, சார்ஜ் நேரம் ஆகிய மூன்றையும் திறந்து பார்க்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை.

பீளமேடு, வண்டிக் கட்டுப்பாட்டு மென்பொருள் வேலை:

பெருந்துறை ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் "அடுத்த அப்டேட்டில் சரியாகும்" என்ற பதிலை மட்டும் அப்படியே விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அப்டேட் என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் வண்டிக்குள் ஒரு கணினி இல்லை. நடுத்திரை, சிம் கார்டு உள்ள தொலைத்தொடர்புப் பெட்டி, பேட்டரி மேலாண்மை, மோட்டார் கட்டுப்பாடு, சார்ஜர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள், தனி எண் உண்டு. நடுத்திரையில் பெரும்பாலும் இரண்டு இடம் ஒதுக்கி, பழையதை ஒன்றில் வைத்துக்கொண்டு புதியதை மற்றொன்றில் எழுதுவார்கள். புதியது எழும்பாவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த வசதி இருப்பதில்லை. நடுவில் 12 வோல்ட் இறங்கினால் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். ஆகவே உங்கள் சின்ன பேட்டரி இப்போதிருக்கும் நிலையில், வீட்டில் வைத்து அடுத்ததை ஏற்றவே வேண்டாம்.

மென்பொருளால் உண்மையாகவே தீர்ந்த குறைகளும் உண்டு. 2018-இல் டெஸ்லா மாடல் 3, மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க சுமார் 46 மீட்டர் எடுத்ததாக அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று குறை சொன்னபோது, காற்றுவழி (கம்பியில்லா இணையம் வழியாக) வந்த அப்டேட் ஒன்றாலேயே அது 40 மீட்டரை ஒட்டிக் குறைந்தது. மறுபக்கம், 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க மின்சார வண்டி நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஓர் அப்டேட்டை அனுப்பியதில் பல வண்டிகளின் திரை செயலற்றுப் போனது.

உங்கள் கறுப்புத் திரையைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மூன்றாவது வகை. பழைய டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் வண்டிகளில் 8 ஜிபி நினைவகச் சில்லில் ஓயாமல் பதிவுகளை எழுதி எழுதி அது தேய்ந்துபோய், ரிவர்ஸ் கேமராப் படம் வராமல் போனதால், 2021-இல் ஏறத்தாழ 1.35 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பார்வைக்கு மென்பொருள் கோளாறு. உள்ளே தேய்ந்தது பொருள். 12 வோல்ட்டிலும் அப்படித்தான்: 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 மின்சார வண்டிகளைத் திரும்ப அழைத்தது, சின்ன பேட்டரியை இறக்கிவிடக்கூடிய சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டிக் குறைக்காகத்தான். ஆகவே சர்வீஸ் சென்டரில், எந்தப் பெட்டியின் எந்த எண்ணில் குறை, அடுத்த எண்ணில் அதற்கு என்ன மாற்றம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர், அடுத்த அப்டேட் வரை உங்களைத் தள்ளிப்போடுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நாமக்கல் வக்கீல்:

சுருக்கமாக ஒன்று. வாய்மொழியாகச் சொன்ன புகார் புகாரே அல்ல. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில்) உங்கள் சொற்களிலேயே குறையை எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் மென்பொருள் எண் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். நாளை நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும்; காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

சோமனூர் தறிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. அப்டேட்டை ஏற்றாமலே, வீட்டிலிருந்த பெட்ரோல் வண்டியில் கோயிலுக்குப் போய்வந்துவிட்டோம்.

பெருந்துறை ஐயா சொன்னபடி மூன்று முறை முழுச் சார்ஜ் போட்டேன். முதல் முறை 100 காட்டிய பிறகும் ஐம்பது நிமிடம் மின்சாரம் இழுத்தது. நேற்று வேண்டுமென்றே 12 சதவீதம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத்தான் இறங்கியது, குதிக்கவில்லை. நான் பல மாதமாக 80-ஐத் தாண்டியதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

12 வோல்ட்டை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தோம். பூட்டி இரண்டு மணி நேரம் கழித்தும் 0.8 ஆம்பியர். கொக்கியைத் தள்ளியிருக்கிறோமா என்று இருமுறை பார்த்துவிட்டு மறுபடி அளந்தோம், அதே 0.8. என் சின்ன பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்று மேலே எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் இரண்டு நாளுக்குள் காலி. மீட்டரும் கடிகாரமும் ஒரே படத்தில் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் கணினியை மாட்டிப் பார்த்தார்கள். தொலைத்தொடர்புப் பெட்டி, அப்டேட்டுக்குப் பிறகு சிக்னல் கிடைக்காத இடத்தில் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கிறதாம். எங்கள் கார் ஷெட் தறிக்குடோனை ஒட்டித் தகரக் கூரையின் கீழ் இருப்பதால் அங்கே போனிலேயே சிக்னல் சரியாக வராது. அந்தப் பெட்டிக்கு மட்டும் அங்கேயே, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, புதிய எண்ணை ஏற்றினார்கள். இரவு அளந்ததில் 0.03.

கேமரா திரை நேற்றுகூட ஒரு முறை கறுப்பாக நின்றது. அதை ஜாப் கார்டில் எழுதி வாங்கியிருக்கிறேன். திரைக்கான பாகத்துக்குச் சொல்லியிருப்பதாகவும், பத்து நாள் ஆகும் என்றும் சொல்கிறார்கள்.