கார் என்ஜினும் கியர்பாக்ஸும்: ரோட்டாக்ஸைப் பற்றி ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்?

பறக்கும்பிஸ்டன்:
"வீட்டில் கட்டும் விமானத்தில் கார் என்ஜினை மாட்டிப் பறக்க கியர்பாக்ஸ் வேண்டும், கியர்பாக்ஸ் வந்தால் சாவும் கூடவே வரும்" என்று நேற்று ஒரு மேதாவி தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சிறு விமானங்களுக்கென்றே செய்த ரோட்டாக்ஸ் 912 என்ஜின் முழு சக்திக்கு 5800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடுகிறது. புரொப்பெல்லரைச் சுற்றுவது கியர்பாக்ஸ் வழியாகத்தான். அதில் பறப்பவர்களெல்லாம் செத்தா போனார்கள்?

வால்சக்கரம்:
அந்த மேதாவி அடியேன்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ரோட்டாக்ஸில் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸையும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் பழைய காரிலிருந்து சுபாரு ஈஜே25-ஐக் கழற்றி, எவரோ ஷெட்டில் கடைந்த கியர் பெட்டியை அதன் மூக்கில் மாட்டுகிறீர்கள். சிலிண்டர் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கிராங்க் முறுக்கிக்கொள்கிறது. அந்த அதிர்வு புரொப்பெல்லரின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் கியர் பல் போகும், இல்லையென்றால் தண்டு போகும். லைகாமிங் ஓ-320 விமான என்ஜினில் இந்த வம்பே இல்லை. 2700 ஆர்பிஎம், புரொப்பெல்லர் நேராகக் கிராங்கில்.

பறக்கும்பிஸ்டன்:
பிரசங்கம் பிரமாதம். ரோட்டாக்ஸில் இருப்பது கியர்பாக்ஸா இல்லையா?

வண்டு:
எதற்கு இந்தச் சண்டை? பீட்டில் கார் என்ஜினில் நேராகப் புரொப்பெல்லரைப் பூட்டி எத்தனையோ பேர் பறக்கிறார்களே.

பறக்கும்பிஸ்டன்:
வண்டு சார், குறுக்கே வராதீர்கள். நேராகப் பூட்டினால் மட்டும் என்ன வாழ்ந்தது? செவ்ரோலே கார்வேர் என்ஜினில் கியர்பாக்ஸ் கிடையாது, அப்படியும் கிராங்க் உடைந்தது. புரொப்பெல்லர் தரும் சுமையைத் தாங்க ஐந்தாவது பேரிங் வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம், 1.8 மீட்டர் புரொப்பெல்லரை 5400 ஆர்பிஎம்மில் நேராகச் சுற்றினால் அதன் முனை நொடிக்கு 500 மீட்டர் போகும். ஒலியே 340 தான். காது கிழியும், இழுவை இருக்காது. அந்த வேகத்தைக் குறைக்கத்தான் கியர்பாக்ஸ். உடைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வால்சக்கரம்:
ஆக, கார் என்ஜின் கியர்பாக்ஸ் இருந்தாலும் உடையும், இல்லாவிட்டாலும் உடையும். என் வேலையைச் சுலபமாக்கியதற்கு நன்றி.

பறக்கும்பிஸ்டன்:
திரிப்பது உங்களுக்குக் கைவந்த கலை. என் சுபாருவில் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் கப்ளிங் இருக்கிறது. அதிர்வை அது விழுங்கிவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: ரோட்டாக்ஸில் இருப்பது கியர்பாக்ஸா இல்லையா?

வால்சக்கரம்:
அந்தக் கப்ளிங்கா! போன மாதம் பெருமையாகப் படம் போட்டீர்களே, பெட்டிக்கு அடியில் கறுப்புத் தூள் படிந்திருந்தது. ரப்பர் தேய்ந்து கொட்டுகிறது ஐயா. என்ஜினை அணைக்கும்போது, ஐட்லிங்குக்குக் கீழே இறங்கும் அந்த நொடியில் கடகடவென்று உதறுமே, கேட்டதில்லையா? அதிர்வு ஒத்துப்போவது அங்கேதான்.

பறக்கும்பிஸ்டன்:
அது புகைக்கரி. என் ரேடியேட்டர் சின்னது என்றும் இப்படித்தான் படத்தைப் பார்த்தே ஜோசியம் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

மின்கம்பி:
கியர்பாக்ஸை விடுங்கள். விமான என்ஜினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, கார் என்ஜினின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வேண்டும். 2007-இல் ஜெர்மனியின் ஷ்பையரில் டிஏ42 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானம் ஒன்று மேலே எழும்பிச் சக்கரத்தை மடக்கியது. பேட்டரி சார்ஜ் இல்லாததால் மின்னழுத்தம் சரிந்து இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன.

பறக்கும்பிஸ்டன்:
அதில் இருந்தது தீலர்ட் நிறுவனத்தின் என்ஜின், சான்றிதழ் வாங்கியது. இங்கே பேசுவது வீட்டில் கட்டும் விமானம். செல்லாது.

வால்சக்கரம்:
தீலர்ட் 1.7 மெர்சிடிஸ் கார் டீசலிலிருந்து வந்ததுதானே? சான்றிதழ் இருந்தும் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸைக் கழற்றிச் சோதிக்கச் சொன்னார்கள். நீங்கள் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?

வண்டு:
பீட்டிலைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

பறக்கும்பிஸ்டன்:
பிறகு பேசலாம் வண்டு. வால்சக்கரம், என் பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் லைகாமிங் ஹேங்கரை விட்டு வெளியே வந்து எத்தனை மாதம் ஆகிறது? பறக்காமல் நிறுத்திவைத்தால் உள்ளே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்கும். முதலில் அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

வால்சக்கரம்:
போடுகிறேன். நீங்கள் அந்தக் கறுப்புத் தூளை வெள்ளைத் துணியில் துடைத்துப் போட்ட மறுநிமிடம்.