புதுப்பிப்பு: டிட்டிகாக்கா ஏரிக்குப் போய் வந்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேனே, பெரு நாட்டில் ஏரிக்கரை ஊரான பூனோவிலிருந்து ஊரோஸ், தக்கீலே இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று? முடிகிறது, ஆனால் பாதி நாள் படகிலேயே போய்விடுகிறது.

ஊரோஸுக்குப் படகில் அரை மணி நேரம்தான். தொத்தோரா என்கிற கோரையின் வேர்க்கட்டிகளைக் கயிற்றால் பிணைத்து, மேலே வெட்டிய கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பித் தீவையே கட்டியிருக்கிறார்கள். அடியில் அழுக அழுக மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடந்தால் வைக்கோல் போர் மாதிரி அமுங்குகிறது. ஒரு அம்மா தண்டின் வெள்ளை அடிப்பகுதியை உரித்துத் தின்னக் கொடுத்தார், சப்பென்றுதான் இருந்தது. கோரைப்படகுச் சவாரிக்குத் தனிக் காசு என்பதைக் கூட்டிப்போனவர் நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார், எரிச்சலாக இருந்தது.

தக்கீலே வேறு ரகம். ஏரியே 3,812 மீட்டர் உயரம், அதற்கு மேல் படி ஏற வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். அங்கே ஆண்கள்தான் குல்லா பின்னுகிறார்கள், அதுவும் நடந்துகொண்டே! முழுச் சிவப்புக் குல்லா என்றால் கல்யாணமானவர், மேல்பாதி வெள்ளை என்றால் ஆகாதவர். தக்கீலேயின் இந்தப் பின்னல், நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கிறது.

அப்புறம், அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கீன்வா என்கிற தானியத்தில் செய்த சூப் கிடைத்தது. மற்றவர்களுக்கு டிரவுட் மீன். மறுபடி போனால் தக்கீலேயில் ஒரு ராத்திரி தங்குவேன்.