மதத்துக்கு வெளியே வரும் அனுபவங்கள்: குறிப்பெடுப்பது எப்படி, நம்பிக்கையாக்குவது எப்படி

வேர்நிலம்

மதம் சாராமல், எளிதில் விளக்க முடியாத அனுபவங்களைப் பற்றிப் பேசும் இந்த இணையத் திரியில் எழுத வருபவர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். அனுபவத்தை இங்கே பகிர்வதற்கு முன் தனியாக ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நடந்து 24 மணி நேரத்துக்குள், யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை நினைவுக்கு வருவது பெரும்பாலும் நாம் சொன்ன கதைதான். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது பலரின் பதில் அடியோடு மாறியிருந்தது. அவர்கள் கைப்பட எழுதியதையே காட்டிய பிறகும் புதிய நினைவைத்தான் சிலர் நம்பினார்கள். வெளியே நடந்த ஒரு செய்திக்கே இந்தக் கதி என்றால், பெயர் வைக்கக்கூடத் தெரியாத ஓர் உணர்வு எத்தனை எளிதாக உருமாறிவிடும்!

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் புலன்களில் பட்டது மட்டும்: "வலது தோளருகே வெதுவெதுப்பு, ஏறக்குறைய ஒரு நிமிடம், அறையில் சத்தம் இல்லை." அதற்கு நீங்கள் கொடுத்த பொருள் வலப்பக்கம்: "யாரோ காவலாக நிற்கிறார்கள்." அடியில் நேரம், முந்தைய இரவு தூங்கிய அளவு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, காய்ச்சல், மருந்து, அண்மையில் நேர்ந்த இழப்பு, அந்த வாரம் படித்தது, பார்த்தது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வலப்பக்கத்தில் வரும் சொற்கள் பல நேரம் அங்கிருந்துதான் வந்திருக்கும். முதல் குறிப்பை எக்காரணம் கொண்டும் திருத்தாதீர்கள். பிறகு தோன்றுவதை வேறு நிற மையில், தேதி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிழக்குச்சாளரம்

மேலே சொன்னதோடு உடலின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே அடிக்கடி வரும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, விழிக்கும்போதோ தூக்கம் பிடிக்கும்போதோ உடல் அசையாமல் போவது. கனவு காணும் கட்டத்தில் தசைகள் செயலற்று இருக்கும். மனம் விழித்த பிறகும் அந்த நிலை சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடிக்கும். மார்பில் பாரம், அறையில் இன்னொருவர் நிற்கிற உணர்வு, காலடிச் சத்தம் எல்லாம் வரும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம். கையை உதற முயன்றால் பயம்தான் கூடும். ஒரு விரல் நுனியை அசைக்கப் பாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள், போய்விடும்.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சியில் விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போய் தலை லேசாவது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதன் விளைவு அது. "சக்தி ஏறுகிறது" என்று எண்ணி இன்னும் வேகமாக விட்டு மயங்கி விழுபவர்கள் உண்டு. மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். அமைதியாக உட்காருவதற்கு மூச்சைக் கட்டுப்படுத்தத் தேவையே இல்லை. முதுகு நேராக, கண் பாதி திறந்து, 20 நிமிடம் போதும். கண்ணை முழுதாக மூடினால் தூக்கம் வரும். அந்த அரைத்தூக்கத்தில் தெரிகிற முகங்களையும் குரல்களையும் தனியாகக் குறித்துவையுங்கள்.

அந்திமழை

உடல் விளக்கம் கிடைத்ததும் அனுபவமே செத்துவிட்டதாக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கத் தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் 1901–02இல் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைத் தெளிவாகப் பிரித்தார்: ஒன்று எங்கிருந்து பிறந்தது என்பது வேறு, அது மனிதனுக்குள் எதை வளர்க்கிறது என்பது வேறு. சொல்லில் அடங்காமை, ஏதோ அறிந்துகொண்ட உணர்வு, சீக்கிரம் மறைதல், தன் முயற்சி இல்லாமல் நிகழ்தல் என்று நான்கு அடையாளங்களையும் சொன்னார். உங்கள் குறிப்பில் இந்த நான்கில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். மூன்றாவதற்கு இங்கே மதிப்பே கிடைப்பதில்லை. மறைவதுதான் அதன் இயல்பு. அதைத் திரும்ப வரவழைக்கத் துரத்துவதில்தான் பலர் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள்.

தனியாக இருக்கிறோம் என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 1971இல் மருத்துவர் டெவி ரீஸ் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில், பெரும்பாலும் அருகில் இருப்பதாக, உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை வெளியே சொன்னதில்லை. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. 1916இல் தென் ஜார்ஜியாத் தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்த துருவப் பயணி ஷாக்கில்டனும் அவருடைய இரண்டு தோழர்களும், தங்களுடன் நாலாவதாக ஒருவர் வந்ததாக உணர்ந்திருக்கிறார்கள். களைப்பு, குளிர் என்று காரணம் சொல்லலாம். அந்தத் துணை அவர்களுக்கு என்னவாக இருந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

வேர்நிலம்

நன்றி. அனுபவத்திலிருந்து நம்பிக்கைக்குப் போகும் வழியையும் எழுதிவிடுகிறேன், பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்துக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். வலப்பக்கம் எழுதியதில் எது இன்னும் நிற்கிறதோ அதை ஒரே வாக்கியமாக்குங்கள். பக்கத்தில் அது எந்த வகை என்று குறியுங்கள்: நேரில் உணர்ந்தது, பிறர் சொல்லி ஏற்றது, அப்படி இருக்க வேண்டும் என்று விரும்புவது. "இறந்தவர்கள் நம்மைக் காண்கிறார்கள்" என்பது பலருக்கு மூன்றாம் வகை. விரும்புவதில் குற்றமே இல்லை; அதை முதல் வகையில் எழுதிவைப்பதுதான் பின்னால் உடையும். அதற்குக் கீழே இரண்டு கேள்விகள்: எது தெரிந்தால் இதைக் கைவிடுவேன்? இதை நம்புவதால் இந்த வாரம் எதை வேறுமாதிரி செய்வேன்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சடங்கு வேண்டுமென்று தோன்றினால் சிறிதாக அமைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தொடக்கம், ஒரு செயல், ஒரு முடிவு, மொத்தம் பத்து நிமிடம். முடிவு இல்லாத சடங்கு நீண்டுகொண்டே போய்ச் சுமையாகிறது. ஒரு நாள் தவறினால் கெடுதல் வருமோ என்ற அச்சம் எழுந்தால் ஒரு வாரம் வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள்.

கிழக்குச்சாளரம்

ஒன்று விட்டுப்போனது. தூக்கம் குறைந்துகொண்டே வந்தும் களைப்பே தெரியாமல் இருப்பது, கட்டளையிடும் குரல், உலகத்தைத் திருத்த நான்தான் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்ற உறுதி: இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரே மாதிரியான சில நொடி அனுபவம் திரும்பத் திரும்ப வந்து, இடையில் நினைவு தப்பினால் நரம்பியல் மருத்துவரிடம் போவது நல்லது, வலிப்பு நோயும் அப்படி வரலாம். குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இடப்பக்கத்தை மட்டும் காட்டினால் போதும்.

அந்திமழை

அதே குறிப்பேட்டை ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் நம்பிக்கை எதையும் பகிராத, ஆனால் உங்களை மதிக்கிற ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். மத அமைப்புக்குள் இருப்பவர்களைத் தட்டிக்கேட்க ஆள் உண்டு, வெளியே நாம்தான் அந்த ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் கேட்பவரையும், மற்றவரிடம் சொல்லாதே என்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.