பழைய அம்பாசிடர் இன்ஜினில் இசுசு கியர் பாக்ஸ்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா ஓட்டிய 1977 அம்பாசிடர் மார்க் 3 என்னிடம் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது, அதை மாற்ற மனசு வரவில்லை. நாலு கியர் பாக்ஸ்தான் தேய்ந்துவிட்டது, மூணாவது கியர் நிற்காமல் நழுவுகிறது. அதனால் ஜப்பானிய இசுசு கம்பெனியின் 1800 சிசி இன்ஜின் போட்ட அம்பாசிடரில் வந்த ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கிவிட்டேன்.

அதன் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி இன்ஜினோடு போல்ட் போடும் கூடு) துளைகள் இன்ஜினோடு ஒத்துவரவில்லை. நடுவில் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் கடைந்து போடலாம் என்கிறார் லேத்காரர். எனக்குப் பயமே அந்தத் தடிமன்தான். கூடிப்போனால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை, இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட் பின்னால் அதைத் தாங்க இருக்கும் சின்ன வளையமான புஷ்ஷுக்குள் சரியாக உட்காராது. மையம் கொஞ்சம் விலகினாலும் பேரிங் தாங்காது. டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) வைத்துப் பார்த்துத்தான் டோவல் (இடம் நகராமல் நிறுத்தும் பின்) அடிக்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதைச் செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பிளேட் எத்தனை மில்லிமீட்டர் வைத்தீர்கள்? புஷ் தனியாகக் கடைந்தீர்களா? ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டில் மாட்டும் பல்வரிசை) இசுசுவுக்கும், விட்டம் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பழைய பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்துகிற கிளட்ச் டிஸ்க் எது? கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி பாலன்ஸ் செய்து தரும் நல்ல பட்டறை மதுரைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். தை மாதம் தங்கை கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியே போகணும்.