நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்ன ஆசிரியை

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்:

இரண்டாம் வகுப்பில் படித்த என் மகனைப் பற்றிய முதல் புகார் டைரியில் வந்தது: "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்ற பிள்ளைகளைத் தள்ளுகிறான்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றிரவு அவனை அடித்தேன், இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். அடுத்த வாரம், பள்ளி விடும் நேரத்தில், வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்த பெற்றோர் காதுபட இன்னோர் ஆசிரியை அதையே சொன்னபோது, கூனிக் குறுகிப்போனேன்.

வகுப்பாசிரியை வேறு விதமாக நடந்துகொண்டார். ஒரு சனிக்கிழமை என்னையும் கணவரையும் வரச்சொல்லி, காலி வகுப்பறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இரண்டு வாரங்களாகக் குறித்துவைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். கரும்பலகையில் இருப்பதைப் பிழையின்றி எழுதுகிறான். சொல்வதெழுதுதலின்போது மட்டும் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்க்கிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. யாராவது தொட்டுக் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தள்ளிவிடுகிறான். "வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, அம்மா?" என்று அவர் கேட்டதும் என் கணவர் தலை குனிந்தார், அதற்காக அவனை நாள்தோறும் திட்டியவர் அவர்தான்.

எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அடிக்கடி பிடித்த சளியால் இரு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கோத்து, கேட்கும் திறன் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்பதால் காத்திருக்கச் சொன்னார்கள். அவனுக்கும் அப்படியே சரியானது. அதுவரை ஆசிரியை அவனை முதல் வரிசையில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசினார். அவன் பிள்ளைகளைத் தள்ளுவது, காது சரியாவதற்கு முன்பே நின்றுவிட்டது.

கோடம்பாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருந்த ஒரு சிறுமியின் தாயிடம், ஏடிஎச்டியாக (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) இருக்கலாம் என்று நானே ஒருமுறை சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் என்னிடம் பேசவே இல்லை. அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்தால்தான் மருத்துவரே அந்த முடிவுக்கு வருவார் என்பதைப் பிறகு அறிந்தேன். இப்போதெல்லாம் என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி, வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறேன். அன்றே அப்படிக் கேட்டிருந்தால், சிறுமியை வளர்த்த பாட்டி அந்த மாதம்தான் இறந்திருந்தார் என்பதை அந்தத் தாயே சொல்லியிருப்பார். அதை வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னவர் எங்கள் பள்ளி ஆயா.